ஆங்கிலத்தில் கற்பிப்போர் கற்க வேண்டியது

கற்பிப்பவர் தமது பாடத்தை நன்கு அறிந்தவர். கேட்பவனும் அறிவிற் குறைந்தவன் அல்லன். ஆனால் இருவருக்கும் நடுவே நிற்கும் மொழி இருவருக்கும் முழுமையாக வசப்படாத மொழி. அப்படியானால் அந்த மண்டபத்தில் நடைபெறுவது கல்விதானா, அல்லது கல்வியின் தோற்றம் மாத்திரமா?

பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் அடிக்கடி பேசப்படும் விடயம். பலர் அதனை இலக்கணமும் உச்சரிப்பும் பற்றிய காரியமாகவே எண்ணி விட்டுவிடுகின்றனர். படித்தவர்களின் அலுவல், நமக்கென்ன என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. உண்மையில் இது நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்ற நீதிப் பிரச்சினை. ஆகவே இதனைச் சற்று ஆறுதலாக ஆராய்வது நன்று.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் ஆலயத்தால் பெயர் பெற்ற கடலோரக் கிராமம் சல்லி. வலையும் வள்ளமும் அங்குள்ள பல குடும்பங்களுக்குச் சீவனோபாயம். அதற்கு அண்மையில், நிலாவெளி செல்லும் வீதியில், கோணேசபுரியில் இருக்கிறது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். 1981 ஆம் ஆண்டு மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1986 ஆம் ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்துக்கு, 2001 ஆம் ஆண்டிலிருந்து இவ்வளாகமும் ஓர் அங்கம்.

சல்லியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரந்தான். ஆனால் மொழியால் அளந்தால் அது வெகுதூரம். முதலாம் ஆண்டிலிருந்து க.பொ.த. உயர்தரம் வரை பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்ற பிள்ளை, இங்கோ பேராதனையிலோ ஒரு விஞ்ஞான பீடத்தில் காலடி வைத்ததும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கத் தொடங்குகிறது. நகை அடகு வைத்துப் படிப்பித்த தாய்க்கு, தன் பிள்ளை முதல் சில மாதங்கள் என்ன கேட்டது, என்ன விளங்கிற்று என்பது தெரியாது. பிள்ளையும் சொல்வதில்லை.

வந்த வழி

இந்த நிலைமை ஒரு நாளில் வந்ததன்று. 1921 ஆம் ஆண்டு கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும், 1942 ஆம் ஆண்டு அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தபோதும் போதனாமொழி ஆங்கிலமே. அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கே பல்கலைக்கழக வாசல் திறந்தது. 1944 ஆம் ஆண்டு அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தனா சிங்களத்தைப் போதனாமொழியாகவும் அரச கரும மொழியாகவும் ஆக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையும் அதில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் வி. நல்லையா. நம் மாகாணத்துக்கு இந்த விவாதம் புதியதன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

பின்னர் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1950 களில் இடைநிலை வகுப்புகளும், 1960 களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கலைத்துறையும் சுயமொழிகளுக்கு மாறின. அதனால் விளைந்த நன்மை பெரிது. குடிசையிலிருந்தும் கடற்கரை வாடியிலிருந்தும் பட்டதாரிகள் எழுந்தனர். இதை மறப்பது நன்றிகேடாகும்.

ஆனால் மாற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞான பீடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. தனியார் நிறுவனங்களின் நல்ல உத்தியோகங்களும் ஆங்கிலம் அறிந்தோரையே நாடின. தென்னிலங்கை மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாக அதை அவர்கள் கண்டார்கள். 2001 ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்க மீண்டும் இடமளிக்கப்பட்டது. ஆயினும் அதற்குரிய ஆசிரியர் இருப்பது பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளில். கிராமத்துப் பிள்ளைக்கு வாளின் கூர்முனையே இன்றும் தெரிகிறது, கைப்பிடி தெரியவில்லை.

எனவே, ஆங்கிலம் வேண்டாம், எல்லாவற்றையும் தமிழில் நடத்தினால் போதும் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளிக்க முடியாது. வளாகத்தின் ஒரே மண்டபத்தில் தமிழ் பேசும் மாணவரும் சிங்கள மாணவரும் அருகருகே அமர்கின்றனர். பாதிப் பேருக்காக விரிவுரையாளர் தமிழுக்குத் தாவினால் மற்றப் பாதிக்கு அநீதி; சிங்களத்துக்குத் தாவினாலும் அப்படியே. இங்கே ஆங்கிலம் எசமானின் மொழி என்பதைவிட இருவருக்கும் பொதுவான முற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த முற்றத்தில் எல்லோராலும் நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கற்பித்தல் என்றால் என்ன?

புனித அகுஸ்தீன் ஏறத்தாழ 389 ஆம் ஆண்டளவில், தம் மகன் அதெயோதாத்துஸ் உடனான உரையாடலாக, ஆசிரியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சொற்கள் வெறும் அடையாளங்களே. சுட்டப்படும் பொருளை உள்ளத்தில் காணாதவனுக்குச் சொல் வெறும் ஓசையாகவே நின்றுவிடும் என்பது அதன் சாரம். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின் அக்குவினாஸ் தோமையாரும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். வைத்தியன் நோயாளிக்குள் சுகத்தைக் கொண்டுபோய் வைப்பதில்லை; உடலில் ஏற்கெனவே உள்ள சக்திக்குத் துணை நிற்கிறான். ஆசிரியனும் அவ்வாறே மாணவனின் சொந்த அறிவு தொழிற்படத் துணை நிற்கிறான் என்று அவர் விளக்கினார்.

இந்த இரு பெரியார்களின் கருத்தை நம் விடயத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். கற்பித்தல் விரிவுரையாளரின் வாயில் முடிவதில்லை. அது மாணவனின் அறிவில்தான் முடிகிறது. பிழையற்ற ஆங்கிலத்தில் ஐம்பது நிமிடம் பேசி முடித்தவர் பேசியிருக்கிறார்; கற்பித்தாரா என்பது வேறு விசாரணை. ஆகவே விரிவுரையாளருக்கு அளிக்கும் பயிற்சி அவருடைய நாவுக்கு மாத்திரம் உரியதாயிருந்தால் அது அரைப் பயிற்சியே.

நம் நாட்டில் இத்தகைய பயிற்சிக்கு ஏற்பாடுகள் இல்லாமலில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1997 ஆம் ஆண்டிலிருந்து புதிய விரிவுரையாளர்களுக்கான கற்பித்தல் சான்றிதழ்ப் பாடநெறி நடைபெறுகிறது. ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இதற்கெனத் தனி நிலையங்கள் உண்டு. 2017 ஆம் ஆண்டு உலக வங்கி 10 கோடி அமெரிக்க டொலர் கடனாக வழங்கிய உயர்கல்வித் திட்டத்திலும் ஆங்கிலத் திறன் விருத்திக்கு இடமிருந்தது. இந்த வாய்ப்புகளுக்குள் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் இதற்கு உதவும். ஆங்கிலத்தை நன்கு அறிந்த நாடு சுவீடன். அங்கே இரு பல்கலைக்கழகங்களில் பௌதிகவியல் கற்ற 22 மாணவரைப் பற்றிய ஆய்வு 2006 ஆம் ஆண்டு வெளியாயிற்று. மொழியால் பெரிய வேறுபாடு இல்லை என்றே அவர்கள் முதலில் கூறினர். விரிவுரைகளின் ஒளிப்பதிவைக் காட்டி மீண்டும் வினவியபோது உண்மை வெளிவந்தது. ஆங்கில விரிவுரையில் அவர்கள் கேட்ட கேள்விகள் குறைவு. குறிப்பெழுதுவதிலேயே கவனம் போனதால் விளங்கிக்கொள்வது பின்தள்ளப்பட்டது. பாடத்தை முன்கூட்டியே வாசித்து வந்தவர்களுக்குச் சிரமம் குறைவாயிருந்தது. ஹொங்கொங்கில் 56 பாடசாலைகளின் 12,784 மாணவரைப் பின்தொடர்ந்து 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வோ, நடுவழியில் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் முன்னேறினாலும் விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் புவியியலிலும் பின்தங்கினர் என்று காட்டியது. சுவீடிஷ் மாணவனுக்கே இந்தச் சிரமம் என்றால், சல்லிப் பிள்ளையின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

மௌனம் என்னும் பொய்

இனி இக்கேள்வியின் அறநெறிப் பக்கத்துக்கு வருவோம். விரிவுரையாளர் பலரும் தமிழ்மொழி மூலம் பள்ளிப் படிப்பை முடித்தவர்களே. எதிர்பாராத கேள்வி வந்தால் ஆங்கிலத்தில் உடனே விடையளிப்பது அவர்களுக்கும் கடினம். எனவே திரையில் காட்டும் குறிப்புகளை வாசித்துவிடுவது பாதுகாப்பான வழியாகிறது. மாணவனும் கேள்வி கேட்டால் தன் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சித் தலையசைக்கிறான். பரீட்சையில் அதே குறிப்புகள் மனனமாகி விடைத்தாளில் திரும்பி வருகின்றன. புள்ளிகளும் கிடைக்கின்றன. எல்லோரும் திருப்தி. ஆனால் அங்கே ஒருவரும் ஒன்றையும் கற்பிக்கவுமில்லை, கற்கவுமில்லை.

வார்த்தையால் மாத்திரமன்றிச் செயலாலும் பொய்யுரைக்கலாம் என்பது அக்குவினாஸ் தோமையாரின் போதனை. விளங்காதபோது விளங்கியதாகத் தலையசைப்பதும், விளங்கவில்லை என்று அறிந்தும் அறியாதவர்போல் பாடத்தை நகர்த்துவதும் அந்த வகையைச் சேர்ந்தவை. இதனால் மாணவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. வெட்கமும் அச்சமும் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கின்றன. பாரம் கூடுதலாக விழுவது, அந்த வெட்கத்தை நீக்கும் அதிகாரம் யாரிடம் உண்டோ அவர் மேல். அது ஆசிரியர் மேல். அவருக்கு மேலே, இரு தரப்பினரையும் போதிய ஆயத்தமின்றி மண்டபத்துக்குள் அனுப்பும் நிருவாகத்தின் மேல்.

இப்பொய்யின் விளைவு மண்டபத்தோடு நின்றுவிடுவதில்லை. நாளை அந்த மாணவன் மருந்து கலக்குவான். பாலத்தின் பாரத்தைக் கணிப்பான். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வான். விளங்காமல் பெற்ற பட்டம் அப்போது ஊரின் தலையில் விழும்.

திருச்சபை கண்ட அனுபவம்

இவ்விடயத்தில் நம் திருச்சபைக்கும் ஓர் அனுபவம் உண்டு. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் விருப்பப்படி 1893 ஆம் ஆண்டு கண்டி அம்பிட்டியில் தோன்றிய பாப்பரசர் குருமடத்தில், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர் இலத்தீனில் கற்றனர். தமிழனுக்கும் மலையாளிக்கும் சிங்களவருக்கும் கொங்கணிக்கும் அது பொதுமொழியாயிருந்தது. அந்தக் குருமடம் 1955 ஆம் ஆண்டு பூனாவுக்கு மாற்றப்பட்டது.

1962 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி, பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர், இறையியலின் முக்கிய பாடங்கள் இலத்தீனிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று ஓர் அப்போஸ்தலிக்க சாசனத்தின் வாயிலாகப் பணித்தார். இலத்தீனில் கற்பிக்க இயலாத பேராசிரியர்களுக்குப் பதிலாக இயன்றவர்கள் படிப்படியாக நியமிக்கப்பட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. பணித்தவரோ உலகமே நேசித்த பாப்பரசர். மொழியோ நூற்றாண்டுகளாக ஆண்டு வந்த மொழி. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகெங்கும் குருமடங்கள் அவ்வந்நாட்டு மொழிகளுக்கு மாறிவிட்டன. இலத்தீன் தாழ்ந்த மொழி என்பதனாலன்று. மாணவன் தன் மக்களிடம் கொண்டுபோகும் செய்தியை முதலில் தானே ஆழமாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தேவை, உத்தரவைவிடப் பலமாயிருந்தது. வகுப்பறையின் மொழியைக் கட்டளை மாத்திரம் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. விளங்காத மொழியில் பெருவெள்ளமாய்ப் பேசுவதைவிட விளங்கும்படி சில வார்த்தைகள் பேசுவதே மேல் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதும் இதே பொருளில்தான்.

செய்யத்தக்கவை

அப்படியானால் விரிவுரையாளர் கற்க வேண்டியது என்ன? முதலாவது, எளிய ஆங்கிலம். பெரிய சொல் பேசுவது புலமைக்கு அடையாளம் என்ற மயக்கம் நீங்க வேண்டும். இரண்டாவது, மாணவன் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து தொடங்குவது. வளிமண்டல அமுக்கத்தையும் காற்றையும் பற்றி விரிவுரை என்று வைத்துக்கொள்வோம். சல்லிப் பிள்ளை வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அறியும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் தங்கள் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்வதும், வாடைக்காற்று எழ முன்னர் ஊர் திரும்புவதும் சிங்கள மாணவனுக்கும் தெரிந்ததே. அவர்கள் ஏன் வருகிறார்கள், ஏன் திரும்புகிறார்கள் என்று நாலு எளிய ஆங்கிலச் சொற்களில் கேட்டால் இரு தரப்பினரும் ஒரே முற்றத்தில் நிற்பார்கள். அதன் பிறகு வரும் கலைச்சொல் வெறும் ஓசையாக நிற்காது.

மூன்றாவது, மௌனத்தை உடைக்கும் வழிகள். விரிவுரைக்கு முன்பே வாசிப்புப் பகுதியையும் மும்மொழிக் கலைச்சொல் பட்டியலையும் கொடுத்துவிடலாம். நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருடன் அவரவர் மொழியில் கதைத்துத் தெளியச் சொல்லலாம். கேள்வியைத் துண்டுக் கடதாசியில் எந்த மொழியிலும் எழுதித் தரச் செய்யலாம். இவற்றில் எதுவும் பணம் கேட்பதில்லை. மேலாக, ஒரு சொல் தமக்கு வராதபோது விரிவுரையாளர் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டால், விளங்கவில்லை என்று சொல்ல மாணவனுக்கும் துணிவு பிறக்கும்.

டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத்தில் கற்பிக்கவிருக்கும் விரிவுரையாளர்களைச் சோதிப்பதற்கு இலக்கண வினாத்தாள் கொடுப்பதில்லை. தமது பாடத்தில் ஒரு சிறு விரிவுரையை நிகழ்த்தவும் கேள்விகளுக்கு விடையளிக்கவும் செய்து பார்க்கின்றனர். டேனிஷ் மொழியும் ஆங்கிலமும் அருகருகே வாழ வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. சொந்த மொழியைக் கைவிடுவது ஆங்கிலத்துக்குரிய கட்டணம் என்று அவர்கள் எண்ணவில்லை.

நமக்கும் அந்தக் கட்டணம் தேவையில்லை. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். மாணவனை நோக்கி ஆசிரியர் நடந்து வந்தார். விஞ்ஞானப் பட்டதாரியும், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவரும், திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்தவருமான சுவாமி விபுலானந்தர் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்தார். நம் தனிநாயகம் அடிகளோ 1952 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்து, அதே ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை தொடங்கித் தமிழின் பெருமையை உலகறியச் செய்தார். தமிழை ஆழக் கற்றதனால்தான் அவருடைய ஆங்கிலத்துக்குச் சொல்லப் பொருள் இருந்தது.

கஷ்டப்பட்டால்தான் ஆங்கிலம் வரும், தள்ளிவிட்டால் நீந்திக் கொள்வார்கள் என்று சொல்வோர் உண்டு. கஷ்டம் வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் எந்த மீனவத் தகப்பனும் தன் மகனை முதல் நாளே ஆழ்கடலில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்குவதில்லை. களப்பில், இடுப்பளவு நீரில், தன் கை எட்டும் தூரத்தில் பழக்குகிறான். கை எட்டும் தூரத்தில் நிற்பதுதான் ஆசிரியத் தொழில்.

பெற்றோரே, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். படித்ததில் ஒன்றை நமக்கு விளங்கும்படி தமிழில் சொல் பார்ப்போம் என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் பிள்ளை கற்றிருக்கிறது. முடியாவிட்டால் ஏசாதீர்கள், திரும்பிப் போய்க் கையை உயர்த்திக் கேள்வி கேட்கத் தைரியம் சொல்லி அனுப்புங்கள். நம் குடும்பங்களிலிருந்து விரிவுரையாளராய்ச் சென்றிருப்போரே, அந்தக் கை உயரும்போது அதை உங்கள் ஆங்கிலத்துக்கு வந்த சோதனையாக எண்ணாதீர்கள். அந்தக் கை உயர்ந்த பிறகுதான் உங்கள் கற்பித்தல் ஆரம்பமாகிறது.